அன்னா கரேனினா உருவான வரலாறு

புதிதாகக் கதை எழுதப் புகுவோர் முதலில் எதிர்நோக்கும் வினா, கதைப்பின்னல் எங்கிருந்து வருகின்றது என்பதாகும். வீடு கட்டுவோன் முன்னரே படம் வரைந்து, அத்திவாரம் இட்டு, அதன் பின் சுவர் எழுப்புகிறான். அதுபோலக் கதாசிரியனும் தொடக்கம், நடு, முடிவு ஆகியவற்றை முன்னரே வகுத்துக்கொண்டு எழுதுகிறான் என்று கருதுவோர் உளர். உலகில் நிகழ்ந்த ஒரு சம்பவத்தை எடுத்து, ஆட்களின் பெயர்களை மாற்றி எழுதிவிட்டால் அதுவே கதையாகிவிடும் என்று நினைப்போரும் உளர். இவ்விரு கருத்துக்களும் எவ்வளவு தூரம் உண்மையென்று ஆராய்வதற்கு உலக இலக்கியத்திலே சிறந்த சான்று ஒன்று உண்டு. அதுவே ருஷ்ய ஆசிரியர் லியோ தோல்ஸ்தோய் எழுதிய ‘அன்னா கரேனினா’ என்னும் நாவல்.

அந்நாவல் எவ்வாறு உருவாயிற்று என்பதை நாம் ஓரளவு தெளிவாக அறியலாம். ஆசிரியர் எழுதி, அடித்து, திருத்தி ஒதுக்கிய பிரதிகள் அழியாமல் காக்கப்பட்டுள்ளன. நண்பர்களுக்கு அவர் எழுதிய கடிதங்கள் இருக்கின்றன. அவருடைய மனைவி சோபியா, கணவரின் கையெழுத்துப் பிரதிகளைப் படியெடுத்துக் கொடுத்ததுடன், வீட்டில் நிகழ்ந்தவற்றைத் தம் குறிப்பேட்டிலும் எழுதி வைத்தார். இம்மூன்றையும் ஒருசேர வைத்துப் பார்க்கும்போது, ஒரு கதை சிறிது சிறிதாக வளர்ந்த வரலாறு நம் கண்முன்னே தோன்றுகின்றது.

தோல்ஸ்தோய் 1828ஆம் ஆண்டு பிறந்தவர். ‘போரும் அமைதியும்’ என்னும் பெருநூலை 1869ஆம் ஆண்டு எழுதி முடித்தார். அடுத்த ஆண்டு மாசி மாதம் 24ஆந் திகதி சோபியா ஒரு செய்தியைக் குறித்து வைத்தார். உயர்குடியிற் பிறந்து, மணம் முடித்து, பின்னர் நெறி பிறழ்ந்து வாழ்விழந்த ஒரு பெண்ணின் உருவம் தம் மனத்திலே தோன்றியதாக முதல் நாள் மாலை கணவர் கூறினார் என்பதே அச்செய்தி. அவளைக் குற்றவாளியாகக் காட்டாமல் இரக்கத்திற்குரியவளாகக் காட்டுவதே தமது வேலை என்றும் அவர் சொன்னாராம். அந்த உருவம் தோன்றியவுடன் முன்பு மனத்தில் இருந்த மற்ற ஆட்கள் எல்லாரும் அவளைச் சுற்றித் தத்தம் இடத்திலே வந்து நின்றனர் என்றும் கூறினாராம். ஆயினும் அன்று அவர் எதனையும் எழுதத் தொடங்கவில்லை. ஓர் ஆள் கிடைத்தாள். அவளுக்கு என்ன நேர்ந்தது என்பது இன்னும் தெரியவில்லை.

ஈராண்டுகள் கழிந்தன. தோல்ஸ்தோயின் ஊர் யாஸ்னயா பொல்யானா. அதற்கு அண்மையிலே யாசென்கி என்னும் புகையிரத நிலையம் இருந்தது. அயலிலே பிபிக்கோவ் என்னும் நிலக்கிழார் ஒருவர் வாழ்ந்தார். அன்னா ஸ்தெப்பானொவ்னா பிரகோவா என்னும் பெண் அவருடைய வீட்டை நிருவகித்து, அவரோடு மனைவிபோல வாழ்ந்துவந்தாள். பிபிக்கோவின் மனம் தம் பிள்ளைகளுக்குக் கற்பிக்க வந்த ஜேர்மானிய ஆசிரியை மீது சென்றது. இதனை அறிந்த அன்னா, 1872ஆம் ஆண்டு தை மாதத்திலே, மாற்றுடை கட்டிய சிறு மூட்டையுடன் வீட்டைவிட்டு வெளியேறினாள். தன் மரணத்துக்கு அவரே பொறுப்பென்று கடிதம் எழுதி அனுப்பிவிட்டு, யாசென்கி நிலையத்திலே சரக்குப் புகையிரதம் ஒன்றின் கீழ் வீழ்ந்து உயிர் துறந்தாள்.

மறுநாள் பிரேத பரிசோதனை நடந்த இடத்திற்குத் தோல்ஸ்தோய் சென்றார். தமக்கு அறிமுகமான பெண் சிதைந்த உடலாகக் கிடப்பதைக் கண்டார். அக்காட்சி அவரைப் பெரிதும் கலக்கியதாகச் சோபியா எழுதியுள்ளார்.

இப்பொழுது ஒரு பெண்ணின் உருவமும், ஒரு பெண்ணின் முடிவும் ஆசிரியருக்குக் கிடைத்துவிட்டன. இவ்விரண்டையும் இணைத்தால் கதை முடிந்தது என்று நாம் எண்ணலாம். ஆனால் தோல்ஸ்தோய் அப்போதும் அக்கதையை எழுதவில்லை. அவர் வேறொரு பெருமுயற்சியில் ஈடுபட்டிருந்தார். மகா பீற்றர் மன்னனின் காலத்தைப் பற்றிச் சரித்திர நாவல் ஒன்று எழுத விரும்பி, ஏராளமான நூல்களைப் படித்து, அக்காலத்து உடை, வழக்கம், பேச்சு ஆகியவற்றையெல்லாம் குறித்து வைத்தார். இருபதுக்கும் மேற்பட்ட முறை அந்நாவலைத் தொடங்கினார். தொடங்கிய ஒவ்வொன்றையும் கைவிட்டார். பீற்றர் காலத்து ஆட்கள் எல்லாரும் உடை அணிந்து தத்தம் இடத்தில் அமர்ந்துவிட்டனர். ஆயினும் அவர்கள் இன்னும் மூச்சுவிடவில்லை என்னும் கருத்துப்படச் சோபியா கடிதமொன்றில் எழுதினார். செய்திகள் நிறைந்திருந்தன. கதை பிறக்கவில்லை.

1873ஆம் ஆண்டு பங்குனி மாதத்திலே நிலைமை திடீரென மாறியது. முதிய உறவினர் ஒருவருக்கு வாசித்துக் காட்டும்பொருட்டு எடுக்கப்பட்ட புஷ்கினின் கதைத் தொகுதி ஒன்று வீட்டிலே திறந்து கிடந்தது. தோல்ஸ்தோய் அதனைக் கையிலெடுத்தார். அதில் முற்றுப்பெறாத கதைப்பகுதி ஒன்று, விருந்தினர் ஒரு வீட்டிலே வந்து கூடுவதுடன் தொடங்கியிருந்தது. வேறு ஆசிரியராயின் முதலில் வீட்டை வருணிப்பார். பிறகு விருந்தினரை வருணிப்பார். புஷ்கினோ வாசகனை நேரே நிகழ்ச்சியின் நடுவிலே கொண்டுபோய் நிறுத்திவிடுகிறார் என்று தோல்ஸ்தோய் வியந்தார். கதையைத் தொடங்கவேண்டிய முறை இதுவே என்று கூறிவிட்டு, தம் அறைக்குச் சென்று எழுதத் தொடங்கினார்.

அம்மாதமே தம் நண்பரும் திறனாய்வாளருமாகிய ஸ்திராகொவ் என்பவருக்கு அவர் ஒரு கடிதம் எழுதினார். தம்மை அறியாமலே, எதற்கென்றும் தெரியாமல், ஆட்களையும் நிகழ்ச்சிகளையும் கற்பனை செய்யத் தொடங்கியதாகவும், அவை எதிர்பாராத வகையில் ஒன்றோடொன்று இறுகப் பின்னிக்கொண்டதாகவும், ஒரு நாவல் முழுவதும் முதற்படியாக முடிந்துவிட்டதாகவும் அதிலே தெரிவித்தார். இன்னும் இரண்டு வாரங்களில் அது ஆயத்தமாகிவிடும் என்றும் குறிப்பிட்டார். இரண்டு வாரங்கள் நான்கு ஆண்டுகளாக நீளும் என்று அவர் அப்போது அறிந்திருக்கவில்லை.

ஏன் அத்துணைக் காலம் சென்றது? முதற்படியிலே அமைந்த கதையை நோக்கினால் விடை கிடைக்கும்.

அந்த முதற்படியிலே அன்னா கரேனினா என்னும் பெயரே இல்லை. கதாநாயகியின் பெயர் தாத்தியானா. இசைநாடகம் பார்த்துவிட்டு வந்த உயர்குடியினர் ஒரு சீமாட்டியின் இல்லத்தில் கூடியிருக்கின்றனர். அங்கே தாத்தியானாவும் அவள் கணவன் ஸ்தவ்ரோவிச்சும் வருகின்றனர். அவளுடைய காதலனும் வருகிறான். சபையோர் பார்த்திருக்க அவள் அவனோடு தனித்திருந்து பேசுகிறாள். கணவன் தலைகுனிகிறான். இவ்வாறு கதை தொடங்குகின்றது. இப்பெண் அழகியல்லள். தாழ்ந்த நெற்றியும், குறுகி நிமிர்ந்த மூக்கும், பருத்த உடலும் உடையவள், நாணமற்ற நடத்தையினள். கணவனோ நல்லவன், சாதுவானவன், நமது இரக்கத்துக்கு உரியவன். அவன் விவாகரத்து வழங்குகிறான். அவள் காதலனை மணக்கிறாள். ஆயினும் சமூகம் அவளை ஏற்கவில்லை. முடிவிலே அவள் மாண்டு போகிறாள்.

இரக்கத்திற்குரியவளாகக் காட்டவேண்டுமென்று 1870இல் மனைவியிடம் கூறியவர், 1873இல் எழுத அமர்ந்தபோது அவளைக் குற்றவாளியாகவே காட்டிவிட்டார். தண்டிக்கும் உரிமை ஆண்டவனுக்கே உரியது என்னும் பொருள்படும் விவிலிய வசனத்தை நூலின் முகப்பிலே பொறித்தவர், தாமே நீதிபதியின் ஆசனத்தில் அமர்ந்துவிட்டார். கதை விரைவில் முடிந்ததற்குக் காரணமும் இதுவே. தீர்ப்பு முன்னரே எழுதப்பட்டுவிட்டால் விசாரணை நீள்வதில்லை.

அடுத்து வந்த பிரதிகளிலே அத்தீர்ப்பு மெல்ல மெல்லத் தளர்வதைக் காண்கிறோம். கதாநாயகியின் தோற்றம் மாறுகின்றது. தூலா நகரில் நிகழ்ந்த விருந்தொன்றிலே புஷ்கினின் மகள் மரியா ஹார்த்துங்கைத் தோல்ஸ்தோய் கண்டிருந்தார். அவருடைய பிடரியிலே சுருண்டு விழுந்த கருங்கூந்தல் அன்னாவுக்கு வந்து சேர்ந்தது. தோற்றத்துடன் குணமும் மாறியது. அன்னா அறிவும் அன்பும் உடையவளாக, பொய்யைச் சகிக்காதவளாக, தன் மகனை உயிரென நேசிப்பவளாக வளர்ந்தாள். கணவன் கரேனினோ சட்டத்தையும் ஒழுங்கையும் கவசமாக அணிந்த உயர் அதிகாரியாக மாறினான். ஆயினும் அவனும் வெறும் கொடியவனாக ஆகவில்லை. மரணப்படுக்கையிலே கிடக்கும் மனைவியை மன்னிக்கும் பெருமை அவனுக்கும் கொடுக்கப்பட்டது. ஆள் மாறினால் நிகழ்ச்சியும் மாறாது நிற்க முடியாது. நாணமற்ற தாத்தியானா மகனை விட்டுச் செல்வதில் எவ்வித இடரும் இல்லை. அன்னாவோ மகனின் பிறந்தநாளன்று, தான் விட்டுவந்த வீட்டுக்குள்ளே மறைவாகப் புகுந்து அவனைக் காணவேண்டியவள் ஆகிறாள். முதற்படியிலே எளிதாகக் கிடைத்த விவாகரத்து இறுதி நூலிலே கிடைக்காமற் போகின்றது. கதைப்பின்னலின் ஒவ்வொரு முடிச்சும் இவ்வாறு குணத்திலிருந்தே பிறந்தது.

இரண்டாவது பெரிய மாற்றம், இந்நூலின் மற்றொரு தலைவனாகிய லேவின் வளர்ந்தமையாகும். முதற்படியிலே அவனுக்கு இடமில்லை. பின்னர் வேறு பெயர்களுடன், கதாநாயகியின் கணவனுக்கும் காதலனுக்கும் பழக்கமான நண்பனாக மட்டும் அவன் வருகிறான். படிப்படியாக அவனுக்கும் கிட்டி என்னும் இளம்பெண்ணுக்கும் இடையே எழும் காதலும், அவர்களின் இல்லறமும் நூலின் பாதியை நிரப்புகின்றன. இடையிலே ஒரு கட்டத்தில் ‘இரு திருமணங்கள்’ என்றே நூலுக்குப் பெயரிட ஆசிரியர் எண்ணினார். ஒரு குடும்பம் உடைவதை மட்டும் சொன்ன கதை, இன்னொரு குடும்பம் கட்டப்படுவதையும் சொல்லும் கதையாக விரிந்தது.

லேவினுக்குத் தேவையான நிகழ்ச்சிகளைத் தோல்ஸ்தோய் வெளியிலே தேடவில்லை. தம் வாழ்விலிருந்தே எடுத்தார். 1862ஆம் ஆண்டு, சீட்டாடும் மேசையின் மீது சுண்ணக்கட்டியாற் சொற்களின் முதலெழுத்துக்களை மட்டும் எழுதித் தம் மனத்தைச் சோபியாவுக்குப் புலப்படுத்தியவர் அவர். அதே முறையிலே லேவின் கிட்டிக்குத் தன் காதலைத் தெரிவிக்கிறான். திருமணத்துக்கு முன் தம் இளமைக்காலத் தவறுகள் நிறைந்த நாட்குறிப்பைச் சோபியாவிடம் வாசிக்கக் கொடுத்ததும், மணநாளன்று சட்டை கிடைக்காமல் தேவாலயத்துக்குத் தாமதமாகச் சென்றதும் நாவலிலே இடம்பெற்றன. காசநோயாற் பீடிக்கப்பட்டு 1856ஆம் ஆண்டு இறந்த சகோதரர் திமித்திரியின் நினைவு, லேவினின் அண்ணன் இறக்கும் பகுதிக்கு உதவியது. அந்நாவலில் அத்தியாயங்களுக்கு இலக்கம் மட்டுமே உண்டு, தலைப்பில்லை. இம்மரணம் நிகழும் அத்தியாயத்துக்கு மட்டும் ‘மரணம்’ என்று தலைப்பு இடப்பட்டுள்ளது.

மூன்றாவதாக, தொடக்கம் மாறியது. புஷ்கினைப் பின்பற்றி முதலில் எழுதப்பட்ட விருந்துக் காட்சி இரண்டாம் பாகத்துக்குத் தள்ளப்பட்டது. இப்போது நாவல் மொஸ்கோவிலே அன்னாவின் சகோதரன் வீட்டிலே தொடங்குகின்றது. பிள்ளைகளுக்குக் கற்பிக்க வந்த பிரெஞ்சு ஆசிரியையுடன் அவன் கொண்டிருந்த தொடர்பு வெளிப்பட்டு, வீடு நிலைகுலைந்து கிடக்கின்றது. கணவன் மனைவியரைச் சமாதானப்படுத்தவே அன்னா புகையிரதத்திலே வருகிறாள். பிறர் வீட்டைப் பொருத்த வந்தவள், தன் வீட்டை உடைக்கும் காதலை அந்நிலையத்திலேயே சந்திக்கிறாள். பிபிக்கோவின் வீட்டிலே உண்மையில் ஒரு பெண்ணின் உயிரைக் குடித்த விவகாரத்தை நினைவூட்டும் நிகழ்ச்சி இங்கே கதையின் வாயிலில் நிற்கின்றது. ஆயின், சகோதரனின் குற்றத்தை உலகம் சிரித்து மறந்துவிடுகின்றது. அன்னாவின் குற்றத்தை மறக்கவில்லை. இவ்விரண்டையும் அருகருகே வைத்ததனால், சமூகத்தின் நீதி எத்தகையது என்பதை ஆசிரியர் தம் வாயாற் கூறவேண்டிய தேவை இல்லாமற் போயிற்று.

அதே நிலையத்திலே, அன்னா வந்திறங்கிய வேளையிலே, காவலாள் ஒருவன் சக்கரங்களின் கீழ் அகப்பட்டு இறக்கிறான். அதனைத் தீய சகுனமென அன்னா எண்ணுகிறாள். யாசென்கி நிலையத்தின் மரணம் நாவலின் முடிவில் மட்டுமன்றி, அதன் தொடக்கத்திலும் நிழலாக வீழ்ந்தது. அவ்வாறு தொடக்கத்திலே இட்ட நிழலின் காரணமாகவே முடிவு தற்செயலாகத் தோன்றாமல், வந்தே தீரவேண்டியதாகத் தோன்றுகின்றது.

இவையாவும் இலகுவாக நிகழவில்லை. 1873ஆம் ஆண்டு சமாரா மாகாணத்திலே பஞ்சம் வந்தது. தோல்ஸ்தோய் எழுத்தை நிறுத்தி, மக்களுக்காக உதவி வேண்டிப் பத்திரிகைக்கு எழுதினார். அவ்வாண்டு கார்த்திகையிலே கடைசி மகன் பியோத்தர் இறந்தான். 1874இலே, தாயற்ற தம்மை வளர்த்த தாத்தியானா அம்மையார் காலமானார். 1875இலே மேலும் இரு குழந்தைகள் இறந்தன. ‘ருஸ்கி வெஸ்த்னிக்’ என்னும் சஞ்சிகையிலே அவ்வாண்டு தை மாதம் முதல் நாவல் வெளிவரத் தொடங்கிற்று. வாசகர்கள் ஆவலோடு காத்திருந்தனர். ஆசிரியரோ இந்நூல் தமக்குச் சலித்துவிட்டதென்று நண்பர்களுக்கு எழுதினார். மாதக்கணக்காக இடைவெளி விட்டு விட்டே பகுதிகள் வெளியாகின.

இந்நிலையில் நிகழ்ந்த ஒரு செய்தி, கதை எழுதுவோர் யாவரும் நினைவிற் கொள்ளத்தக்கது. 1876ஆம் ஆண்டு சித்திரை மாதத்திலே ஸ்திராகொவுக்கு எழுதிய கடிதத்திலே தோல்ஸ்தோய் அதனைக் கூறியுள்ளார். நோயுற்ற அன்னாவின் படுக்கையருகே கணவன் தன்னை மன்னித்ததும், காதலன் விரோன்ஸ்கி வெட்கித் தன் இல்லம் திரும்புகிறான். இந்த அத்தியாயம் எழுதப்பட்டு நெடுநாளாகியிருந்தது. அதனைத் திருத்த அமர்ந்தபோது, ஆசிரியரே சற்றும் எதிர்பாராத வகையில், ஆனால் ஐயத்துக்கு இடமில்லாதபடி, விரோன்ஸ்கி துப்பாக்கியை எடுத்துத் தன்னைத் தானே சுட்டுக்கொண்டானாம். அவன் உயிர் தப்புகிறான். பின்னே வரும் கதைக்கு இந்நிகழ்ச்சி இன்றியமையாதது என்பது பின்னரே ஆசிரியருக்கு விளங்கியது. தன்மானத்தையே உயிராகக் கொண்ட வீரன் ஒருவன், தான் வஞ்சித்த மனிதனின் பெருந்தன்மை முன்னே சிறுமையுற்றால் என்ன செய்வான்? திட்டம் இதற்கு விடை தரவில்லை. அவனுடைய குணமே விடை தந்தது.

பிற்காலத்திலே, அன்னாவைப் புகையிரதத்தின் கீழ் விழச்செய்தது கொடுமையல்லவா என்று ஒருவர் தோல்ஸ்தோயிடம் வினவினார். அதற்கு அவர் புஷ்கினைப் பற்றிய செய்தி ஒன்றைக் கூறினார். தம் காவியநாயகி தாத்தியானா தம்மை ஏமாற்றிவிட்டுத் திருமணம் செய்துகொண்டாள் என்று புஷ்கின் வியந்தாராம். தமது கதைமாந்தரும் அவ்வாறே, தாம் விரும்புவதைச் செய்யாமல், மெய்யான வாழ்விலே அவர்கள் செய்யவேண்டியதையே செய்கின்றனர் என்பது தோல்ஸ்தோயின் விடை. புஷ்கினின் ஒரு பக்கத்திலே தொடங்கிய முயற்சிக்குப் புஷ்கினின் சொல்லே விளக்கமாகவும் அமைந்தது.

இறுதிப் பாகம் உருவான விதமும் கவனிக்கத்தக்கது. அன்னா இறந்தபின் விரோன்ஸ்கி, துருக்கியரை எதிர்த்துப் போராடும் சேர்பியருக்கு உதவத் தொண்டர் படையுடன் புறப்படுகிறான். அந்தப் போர் மூண்டது 1876ஆம் ஆண்டிலே. 1873இலே எந்தத் திட்டத்தை வகுத்திருந்தாலும் இம்முடிவு அதில் இடம்பெற்றிருக்க முடியாது. அத்தொண்டர் இயக்கத்தைப் பற்றி லேவின் ஐயுற்றுப் பேசும் பகுதிகளைச் சஞ்சிகை ஆசிரியர் கத்கோவ் ஏற்கவில்லை. திருத்தித் தருமாறு கேட்டார். தோல்ஸ்தோய் இணங்கவில்லை. கதாநாயகி இறந்ததோடு கதை உண்மையில் முடிந்துவிட்டதெனச் சஞ்சிகையிலே சிறுகுறிப்பு வெளியிடப்பட்டது. எட்டாம் பாகத்தைத் தோல்ஸ்தோய் 1877ஆம் ஆண்டு தனிநூலாக அச்சிட்டார். முழு நாவலும் 1878இலே நூலுருப் பெற்றது.

கதாநாயகி இறந்தால் கதை முடிந்ததென்று கத்கோவ் கருதினார். தோல்ஸ்தோய் அவ்வாறு கருதவில்லை. அன்னாவின் கதையும் லேவினின் கதையும் பொருந்தாமல் நிற்பதாக ஒரு நண்பர் குறைகூறியபோது, 1878ஆம் ஆண்டு தை மாதத்திலே அவர் விடை எழுதினார். இந்நூலின் கட்டட அமைப்பையிட்டே தாம் பெருமை கொள்வதாகவும், வளைவுகள் சந்திக்கும் இடம் கண்ணுக்குப் புலப்படாதபடி கட்டப்பட்டிருப்பதாகவும் கூறினார். நிகழ்ச்சித் தொடர்பாலோ ஆட்களின் அறிமுகத்தாலோ அல்ல, உள்ளார்ந்த தொடர்பாலேயே அவை இணைந்துள்ளன என்றும் விளக்கினார்.

எனவே, வீடு கட்டுவோனின் உவமை முற்றிலும் பொய்யன்று. கட்டடம் இருந்தது; ஆனால் அதன் படம் கட்டி முடித்த பின்னரே தெளிவாயிற்று. சம்பவத்தை எடுத்து எழுதினாற் கதையாகும் என்பதும் முற்றிலும் பொய்யன்று. யாசென்கியில் இறந்த பெண்ணின் பெயரும், அவள் சென்ற வழியும் நாவலிலே இருக்கின்றன. அவள் கையிலிருந்த சிறு மூட்டைக்குப் பதிலாக, அன்னா கரேனினாவின் கையிலே சிவப்புக் கைப்பை ஒன்று இருக்கின்றது. மற்றையவெல்லாம் வேறு.

அச்சம்பவத்தை அப்படியே எழுதியிருப்பின், கைவிடப்பட்ட ஒருத்தி பழிவாங்க உயிர்விட்டாள் என்னும் ஊர்ச் செய்தியாக அது முடிந்திருக்கும். முதற்படியோடு நிறுத்தியிருப்பின், நெறி தவறியவள் அழிந்தாள் என்னும் போதனையாக முடிந்திருக்கும். அவள் அவ்வாறு செய்தது ஏன் என்று ஒருவர் நான்கு ஆண்டுகள் மீண்டும் மீண்டும் வினவினார். கிடைத்த ஒவ்வொரு விடைக்கும் ஏற்பக் கதையைத் திருத்தினார். இரண்டு வாரங்களிலே முடிய இருந்த அந்தக் கதை அவ்வாறே எட்டுப் பாகங்களாக வளர்ந்து நூறு ஆண்டுகளுக்கு மேலாக வாசிக்கப்பட்டு வருகின்றது.